இறைச்சிக்கா, பயணத்துக்கா?

சென்ற மாரியில் ஒருநாள் பின்னேரம், என் தங்கையின் மகன் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வந்து சேர்ந்தான். அவிசாவளை தாண்டியதிலிருந்து ஒரே மழை, கினிகத்தேனையில் மண் சரிந்து ஒரு மணித்தியாலம் காத்திருப்பு என்று வந்த வழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினான். கையில் பொலித்தீன் பையால் இரண்டு தரம் சுற்றிய ஒரு கோப்பு. தான் நனைந்தாலும் அது நனையாதபடி கொண்டுவந்திருந்தான். மஃரிப் தொழுது, தேநீர் குடித்து முடியும்வரை அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. பிறகு அதை என் முன்னால் வைத்து, "மாமா, இத வாசிச்சிட்டு எனக்கொரு பதில் சொல்லுங்கொ" என்றான்.

அவன் கொழும்பில் ஒரு வியாபார நிறுவனத்தில் கணக்குகளையும் ஆவணங்களையும் பார்த்துக்கொள்கிறவன். அவனுடைய முதலாளியும் வேறு இருவரும் சேர்ந்து, பாவித்த சிறிய ஜெட் விமானமொன்றை வாங்கவிருக்கிறார்கள். இரட்டை எஞ்சின் கொண்ட, ஏழெட்டுப் பேர் அமரக்கூடிய விமானம். மாலே, சென்னை, திருச்சி, யாழ்ப்பாணம் என்று கிட்டிய ஊர்களுக்குக் காலையில் போய் இரவில் வீடு திரும்புவது அவர்களுடைய தேவை. தங்களுக்குத் தேவைப்படாத நாட்களில் உல்லாசப் பயணிகளுக்கும், சிகிச்சைக்காகச் சென்னை போகும் நோயாளிகளுக்கும் வாடகைக்கு விடுவது. இரண்டு மூன்று வருடம் போனபின் புது வர்ணம் பூசி, புது இருக்கைகள் போட்டு இன்னொருவருக்கு விற்றுவிடுவது. இதுதான் திட்டம்.

அந்தக் கோப்பில் ஒரு தாள் இருந்தது. விமானம் வேறொரு நாட்டில், முந்திய உரிமையாளர் ஒருவரிடம் இருந்த காலத்தில் ஓடுபாதையை விட்டு விலகியதையும், மூக்குச் சக்கரமும் அதைத் தாங்கும் சட்டமும் சேதமடைந்து திருத்தப்பட்டதையும் குறிப்பிடும் ஒரு பழைய கடிதம். அந்த வருடத்துக்குரிய லொக் புத்தகம் காணாமற் போய்விட்டதாம். தரகர் இந்தக் கடிதத்தை முதலாளிமாருக்குக் காட்டித்தான் இருக்கிறார். விலை இறங்கியதும் அதனால்தான். ஆனால் இனிமேல் விமானத்தோடு சேர்ந்து போகப்போகும் ஆவணங்களின் பட்டியலில் அந்தத் தாள் இடம்பெறவில்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சுச் செய்து தரும்படி சொல்லப்பட்டவன் என் மருமகன்.

"நான் விக்கிறவனும் இல்ல, வாங்கிறவனும் இல்ல மாமா. கடதாசி அடுக்கிறவன். எனக்கு இதில என்ன ஈக்கிது?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் என் மனதில் எழுந்தது வேறொரு கேள்வி. மூன்று பேர் தங்கள் நேரத்தை மிச்சப்படுத்த ஒரு விமானம் வாங்குவது வீண்விரயம் ஆகாதா? லயக் காம்பராக்களில் குடும்பம் குடும்பமாக நெருங்கி வாழும் மக்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு இந்தக் கேள்வி எழாமல் இராது. ஆனால் அவன் அதைக் கேட்கவில்லை. தேவைக்கும் ஆடம்பரத்துக்கும் இடையிலுள்ள கோட்டை ஒவ்வொருவரும் தம் றப்பிடம் கணக்குக் கொடுக்கும்போது வரைந்துகொள்ளட்டும். அவன் கொண்டுவந்த கேள்வி அதைவிடச் சிறியது. ஒரேயொரு தாளைப் பற்றியது. சிறிய கேள்வி என்பதால் தப்பிக்கவும் முடியாதது.

தவிரவும், ஜெட் விமானம் எனக்குத் தூரமான விஷயமாக இருக்கலாம். பாவித்த சாமான் தூரமானதல்ல. இந்த மலைகளில் நாங்கள் பாவித்த சாமான்களோடுதான் வளர்ந்தோம். லொறி, வேன், தையல் மெஷின், ரேடியோ, பாடசாலைக்குப் போட்டுக்கொண்டு போகும் குளிர்ச்சட்டை எல்லாமே யாரோ பாவித்தவைதான். பழைய சைக்கிளொன்றை விலை பேசும் தோட்டத் தொழிலாளியும், பழைய ஜெட்டை விலை பேசும் கோடீஸ்வரரும் ஒரு விடயத்தில் ஒரே நிலையில் நிற்கிறார்கள். இருவருமே தங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு காலத்தை வாங்குகிறார்கள். அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது.

விமானத்தில் அந்தக் காலத்தை எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. உடலுக்கொரு லொக் புத்தகம், ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒவ்வொன்று. எத்தனை மணித்தியாலம் பறந்தது, எத்தனை தரம் ஏறி இறங்கியது, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, அதற்குப் பொறுப்பாகக் கையெழுத்திட்டவர் யார் என்பதெல்லாம் அவற்றில் பதியப்பட வேண்டும். உதாரணமாக, பழைய செஸ்னா சைட்டேஷன் விமானங்கள் பலவற்றில் உள்ள ஜேடி15டி எஞ்சினை வழமையாக 3,500 மணித்தியாலத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துத் திருத்த வேண்டும். இரண்டு எஞ்சின்களையும் அப்படித் திருத்தும் செலவு சில வேளைகளில் விமானத்தின் விலையையே தாண்டிவிடும். அந்தக் கட்டத்தில் விமானத்தைப் பறக்க வைப்பதைவிட உடைத்து உதிரிகளாக விற்பதே இலாபம். ஆகவே பழைய ஜெட்டுக்கு இரண்டு விதமான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பறப்பதற்கு வாங்குபவர்; மற்றவர் உடைப்பதற்கு வாங்குபவர். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பிறகு திரும்பி வருவோம்.

மணித்தியாலத்தைவிட ஏறி இறங்கிய தடவைகளே முக்கியமாகும் சந்தர்ப்பமும் உண்டு. உயரே போகும் ஒவ்வொரு முறையும் விமானத்தின் உட்புறத்தில் காற்றழுத்தம் கூட்டப்படுகிறது. உடல் மிகச் சிறிதளவு விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. ஒரு தகரத்தை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் அது முறிவதுபோல, உலோகமும் களைத்துப் போகிறது. கிட்டிய ஊர்களுக்குப் பறக்கும் விமானம் குறைந்த மணித்தியாலத்தில் அதிக தடவை ஏறி இறங்குகிறது. 1988 ஏப்ரல் 28இல் ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானமொன்றின் கூரை, 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. அது அதுவரை பறந்திருந்தது 35,496 மணித்தியாலம். ஆனால் ஏறி இறங்கியது 89,680 தடவை. விமானிகள் எப்படியோ அதைத் தரையிறக்கிவிட்டார்கள். விமானப் பணிப்பெண் ஒருவர் மட்டும் காற்றோடு போய்விட்டார்.

அந்த விபத்தில் என்னைத் தூங்கவிடாத விவரம் வேறொன்று. பிரயாணிகளில் ஒரு பெண், விமானத்தில் ஏறும்போதே அதன் உடலில் ஒரு வெடிப்பைக் கண்டிருக்கிறார். கண்டும் எவரிடமும் சொல்லவில்லை. பின்னர் விசாரணையாளர்களிடம்தான் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். "இதையெல்லாம் பார்க்கத்தானே ஆட்கள் இருக்கிறார்கள், நான் யார் சொல்வதற்கு?" என்று நினைத்திருப்பார். என் மருமகன் கேட்டதும் அந்தக் கேள்விதான்.

இனி எங்கள் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பாவுக்கு ஹட்டன் பஸாரில் பழைய டயரும் லொறி உதிரிப்பாகங்களும் விற்கும் ஒரு சிறிய கடை இருந்தது. தேயிலையும் விறகும் ஏற்றும் லொறிக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள். வாப்பா டயரைக் கடைவாசலில் சாய்த்துவைக்கும்போது தேய்ந்த பக்கமோ, வெட்டுப்பட்ட பக்கமோ றோட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்பார். நல்ல பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். "ஹாஜியார், கலியாணப் பேச்சுக்கு வந்தவனுக்குப் பொண்ணுட நோய முதல்ல சொல்ற மாதிரி ஈக்கி" என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வாப்பா கிதாபு ஓதியவர் அல்லர். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை ஏதோ ஒரு ஜும்ஆவில் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். கேட்டதை டயருக்குப் பொருத்திக்கொண்டார்.

நான் அவரைப்போல் இருக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில், வாப்பா சுகமில்லாமல் இருந்தபோது கடையை நான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் மஸ்கெலியாப் பக்கத்து லொறிச் சாரதி ஒருவர் அவசரமாக ஒரு ரீபில்ட் டயர் கேட்டார். இருந்த ஒரேயொரு டயரின் உட்புறத்தில் வெட்டொன்றுக்குப் பெட்ச் போடப்பட்டிருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விலையில் ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். குறைத்துக் கொடுத்ததால் என் மனச்சாட்சிக்கும் ஒரு பெட்ச் போட்டாயிற்று. அந்தச் சாரதி பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருக்கலாம். டயர் பல வருடம் நன்றாக ஓடியுமிருக்கலாம். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் எனக்குத் தெரியாது. அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெரியாமலிருப்பதைப் பற்றி நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

டயர் என்றதும் ஹட்டன்காரர்களுக்கு இன்னொரு டயர் நினைவுக்கு வரும். நோட்டன் பிரிட்ஜில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் விமானத்தின் டயர். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணிக்குப் பிறகு, இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு வந்த டிசி-8 விமானமொன்று, கட்டுநாயக்காவில் இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தபோது ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 ஹாஜிகளும் 9 பணியாளர்களுமாக 191 பேரும் மௌத்தானார்கள். விமானம் நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்தினுடையது. பறந்தது இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக.

எனக்கு அப்போது பதினொரு வயது. அன்றிரவு ஏதோ சத்தம் கேட்டதாக ஊரில் பலர் பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை, நல்ல நித்திரை. விடிந்ததும் வாப்பா வேறு சிலரோடு லொறியில் நோட்டனுக்குப் போனார். திரும்பி வந்தவர் வீட்டில் எதுவும் பேசவில்லை. உம்மா சோறு வைத்தபோது தட்டைத் தள்ளிவிட்டு, "இஹ்ராம் துணி மரத்தில தொங்குது" என்று மட்டும் சொன்னார். பின்னாளில் நான் அவரிடம் விவரம் கேட்டதில்லை.

அந்த விமானத்தில் பழுது எதுவும் இருந்ததாக விசாரணை சொல்லவில்லை என்பதை இங்கு நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாக அடையாளங்கண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்பதே முடிவு. ஆகவே மறைக்கப்பட்ட குறைக்கு அதை நான் உதாரணமாகக் காட்டவில்லை. அது எனக்கு உணர்த்துவது வேறொன்று. சுரபயாவில் ஏறிய அந்த 182 பேரில் எவரும் லொக் புத்தகத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். எந்த நிறுவனம் எந்த நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தது, ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. பல வருடம் சேமித்த காசைக் கொடுத்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறினார்கள். பிரயாணி எனப்படுபவர் வியாபாரத்தில் உட்காராத மூன்றாமவர். அவருடைய உயிர்தான் வியாபாரத்தின் நடுவில் இருக்கிறது.

மறைக்கப்பட்ட குறைக்கும் உதாரணம் இல்லாமலில்லை. அதுவும் ஹாஜிகளின் விமானம்தான். அதுவும் ஒரு டிசி-8தான். 1991 ஜூலை 11ஆம் திகதி, ஹஜ்ஜை முடித்துவிட்டு ஜித்தாவிலிருந்து நைஜீரியாவின் சொகோட்டோவுக்குப் புறப்பட்ட விமானம் அது. நைஜீரியா எயார்வேஸுக்காகப் பறந்தது. உரிமை கனடாவின் நேஷன்எயார் நிறுவனத்துக்கு. சக்கரங்களில் சிலவற்றில் காற்று போதாது என்பது பராமரிப்பாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. காற்று நிரப்பினால் தாமதமாகும் என்பதால் அப்படியே விடப்பட்டது. பதிவுகளில் அழுத்த அளவுகள் மாற்றி எழுதப்பட்டிருந்தன. ஓடுபாதையில் ஓடும்போதே டயர்கள் சிதைந்து தீப்பற்றின. எரியும் சக்கரம் விமானத்தின் வயிற்றுக்குள் மடிக்கப்பட்டது. திரும்பி வந்து இறங்க முயன்றபோது ஓடுபாதையை எட்டுமுன்பே விழுந்தது. 261 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஒரு தாளில் எழுதப்பட்ட சில பொய்யான எண்கள்.

இவ்வளவையும் அன்றிரவு மருமகனிடம் சொல்லவில்லை. அவனுக்கு நான் சொன்னது ஓர் ஒட்டகத்தின் கதையைத்தான்.

வாஸிலா இப்னு அல்-அஸ்கஃ (ரழி) என்ற ஸஹாபியின் முன்னிலையில் ஒரு மனிதர் பெண் ஒட்டகமொன்றை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். வாங்கியவர் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வேறு யோசனையில் இருந்த வாஸிலா இதை உணர்ந்ததும் அவர் பின்னால் சத்தமிட்டுக்கொண்டு ஓடினார். ஓடிப்போய் அவர் முதலில் கேட்டது, இதை இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காக வாங்கினீரா என்பதுதான். பயணத்துக்கு என்றார் அவர். ஹஜ்ஜுக்குப் போவதற்காக என்று ஓர் அறிவிப்பில் வருகிறது. அப்படியானால் இதன் குளம்பில் துளை இருப்பதை நான் கண்டேன், தொடர்ந்து நடக்க இதனால் முடியாது என்றார் வாஸிலா. வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தார். விற்றவர் நூறு திர்ஹத்தைக் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் நொந்துகொண்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் நாங்கள் பைஅத் செய்திருக்கிறோம் என்பது வாஸிலாவின் பதிலாக இருந்தது. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் வியாபார ஒழுக்கத்தைப் பேசும் இடத்தில் இதை எடுத்துக் கூறுகிறார்.

இந்தச் சம்பவத்தை நான் பலமுறை வாசித்திருந்தேன். ஆனால் அந்தக் கோப்பு முன்னால் இருந்தபோதுதான் இரண்டு விடயங்கள் புலப்பட்டன. ஒன்று, வாஸிலா விற்பவரும் அல்லர்; வாங்குபவரும் அல்லர். பக்கத்தில் நின்றவர். இது வெறும் பேணுதலுக்காகச் செய்த நற்காரியம் என்று ஒதுக்கவும் முடியாது. நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், பொருளின் குறையை அறிந்த விற்பவர் அதைச் சொல்வது கடமை என்பதோடு நில்லாமல், குறையை அறிந்த பிறத்தியாரும் வாங்குபவருக்கு அறிவிப்பது கடமை என்றே இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். கடதாசி அடுக்குகிறவன் என்பது தப்பிக்கும் வாசல் அல்ல.

மற்றது, அந்தக் கேள்வி. இறைச்சிக்கா, பயணத்துக்கா? அறுக்கப்போகும் ஒட்டகத்துக்குக் குளம்பில் துளை இருந்தாலென்ன? இறைச்சிக்கு அது குறையே அல்ல. பயணத்துக்கோ அதுதான் எல்லாம். குறை என்பது பொருளில் மட்டும் இருப்பதில்லை. அந்தப் பொருளை நம்பி என்ன செய்யப்போகிறோம் என்பதிலும் இருக்கிறது. உடைத்து உதிரியாக விற்கும் ஒருவருக்கு இந்த ஜெட் போகிறதென்றால், மூக்குச் சக்கரத்தின் பழைய திருத்தம் பெரிய விடயமல்ல. நோயாளியைப் படுக்கவைத்துச் சென்னைக்குக் கொண்டுபோகப் போகிறதென்றால், அந்த ஒரு தாளுக்கு மற்ற எல்லாத் தாள்களையும்விடக் கனம் அதிகம்.

மருமகன் இலகுவில் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் சொன்ன நியாயங்களையும் இங்கு எழுத வேண்டும்; அவை பலவீனமானவை அல்ல.

"உள்ளபடியே, உள்ள இடத்திலேயே விற்கிறோம், பிறகு எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை" என்ற நிபந்தனை பழைய விமான வியாபாரத்தில் சர்வசாதாரணம். வாங்குகிறவர் தன் சொந்த நிபுணரை அனுப்பி, மெல்லிய குழாய்க் கெமராவை எஞ்சினுக்குள் விட்டுக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். விவரந் தெரிந்த இருவர் மனமொப்பி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் மூன்றாமவனுக்கு என்ன வேலை?

இந்த மஸலா நம் இமாம்களுக்குப் புதிதல்ல. எல்லாக் குறைகளிலிருந்தும் நான் நீங்கியவன் என்று நிபந்தனையிட்டு விற்பது செல்லும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்று அதை வெகுவாகச் சுருக்குகிறது. விற்கப்படுவது உயிருள்ள பிராணியாக இருந்து, குறை அதன் உள்ளே மறைந்திருந்து, விற்பவருக்கும் அது தெரியாமலிருந்தால் மட்டுமே அந்த நிபந்தனை அவரைக் காப்பாற்றும். பிராணிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? அது சுகமாக இருக்கும்போதும் தின்கிறது, நோயிலும் தின்கிறது. அதன் உள்நிலை மாறிக்கொண்டே இருக்கிறது. சொந்தக்காரனுக்கே தெரியாத நோய் அதற்குள் இருக்கலாம் என்பது சொல்லப்படும் காரணம். தெரிந்துகொண்டே மறைப்பதையோ எந்த மத்ஹபும் ஆகுமாக்கவில்லை.

ஜெட் விமானம் ஒரு பிராணியைப் போன்றதா? எனக்கு இது சுவாரசியமான கேள்வியாகப் பட்டது. ஒருவகையில் ஆம். உலோகம் வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளே களைத்துப் போகிறது. ஆனால் ஒட்டகத்துக்கு லொக் புத்தகம் கிடையாது. அது எந்தப் பாலைவனத்தில் இடறி விழுந்தது என்று எழுதிவைத்தவர் எவருமில்லை. விமானத்துக்கு நாமே ஒரு நினைவை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கையெழுத்து. அந்த நினைவிலிருந்து ஒரு தாளை உருவிவிட்டு, உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்பவன், பிராணியின் சொந்தக்காரனைப் போல அறியாதவன் அல்லன். அறியாமையைத் தானே உற்பத்தி செய்தவன்.

அடுத்த நியாயம் விலை. "குறைக்கு ஏத்த மாதிரித்தானே மாமா விலையும் குறைஞ்சிருக்கு?" என்றான். இதைக் கேட்டபோது என் ஐம்பது ரூபாய் ஞாபகத்துக்கு வந்தது. அதை அவனிடம் முதன்முறையாகச் சொன்னேன். என் பிள்ளைகளுக்குக்கூட நான் சொன்னதில்லை. விலைக்குறைப்பு பணத்தால் ஈடுசெய்யக்கூடிய நட்டத்துக்குப் பரிகாரம். ஒட்டகம் நொண்டினால் நூறு திர்ஹம் அதற்கு ஈடு. ஆனால் இங்கே குறைந்த விலையின் நன்மை போய்ச்சேருவது மூன்று முதலாளிமாருக்கு. குறையின் அபாயம் போய்ச்சேருவது வாடகை கொடுத்து ஏறும் நோயாளிக்கும், இரண்டு வருடத்தில் வாங்கப்போகும் அறியாத ஒருவருக்கும், விமானம் பறக்கும் வழியில் கீழே தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும். இரண்டு பேர் தங்களுக்குள் நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அறையில் இல்லாத ஒருவருடைய உயிரை எடுத்துத் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரமில்லை. நான் ஐம்பது ரூபாய் குறைத்தது அந்தச் சாரதிக்கு. அவருடைய லொறியின் முன் ஆசனத்தில் யார் இருந்தார்களோ அவர்களுக்கு நான் என்ன குறைத்தேன்?

கடைசி நியாயத்துக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. "வேல போனா என்ன செய்ற?" அவனுக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. 2022இல் நாடு பட்ட பாட்டிலிருந்து இன்னும் முழுமையாக மீளாத குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. ஓய்வூதியம் பெறும் ஓர் ஆசிரியன் மலைமேல் உட்கார்ந்துகொண்டு இன்னொருவனுடைய சம்பளத்தைப் பணயம்வைத்து மார்க்கம் பேசுவது இலகு. இதை உணர்ந்தே இருந்தேன். அவனிடமும் சொன்னேன். வாஸிலா நூறு திர்ஹம் இழந்தவர் அல்லர், இழந்தவர் விற்றவர். இங்கு இழப்பு வாஸிலாவின் இடத்தில் நிற்பவனுக்கு.

ஆனால் ஒன்று சொன்னேன். முதலாளிமாரோடு சண்டை பிடிக்கும்படியோ, வெளியே போய் முறையிடும்படியோ உடனடியாக யாரும் கேட்கவில்லை. உன்னிடம் ஒப்படைக்கப்பட்டது ஒரு பட்டியல். பட்டியல் என்பது ஓர் அமானிதம். அதில் இருப்பதை எழுது, அவ்வளவுதான். அதன் பிறகு அந்தத் தாளை எடுத்துவிடச் சொல்லி ஒருவர் வாய்திறந்து கட்டளையிட வேண்டிவரும். பெரும்பாலான மோசடிகள் நடப்பது எவரும் வாய்திறந்து கட்டளையிடாததால்தான். ஒருவர் சொல்லாமல் விடுகிறார். மற்றவர் எழுதாமல் விடுகிறார். மூன்றாமவர் கேட்காமல் விடுகிறார். கடைசியில் குற்றம் செய்தவரைத் தேடினால் ஒருவரும் அகப்படுவதில்லை. உன் தட்டச்சில் அந்த ஒரு வரி இருந்தால் முதலாளிமாருக்கும் அது நன்மையே. தங்கள் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறது. அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள், அவர்களும் அந்த விமானத்தில் ஏறத்தானே போகிறார்கள்?

அவன் பதில் பேசவில்லை. இஷா தொழுதுவிட்டுப் படுத்துக்கொண்டான். காலையில் பனி விலகுமுன்பே முதல் பஸ்ஸுக்குப் புறப்பட்டான். கோப்பை மறுபடி பொலித்தீன் பையில் சுற்றும்போது, நோட்டனில் அந்த டயர் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். சிறுவயதில் நான் அவனை அங்கு கூட்டிப்போயிருக்கிறேன். மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினான். பிள்ளைகளின் படிப்பு, உம்மாவின் மூட்டுவலி எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் சொன்னான்:

"அந்தத் தாள மேல வெச்சிட்டன் மாமா. பட்டியல்ல முதலாவது நம்பர்."

"முதலாளி என்ன சொன்னார்?"

"வாசிச்சார். இன்னும் ஒண்டும் சொல்லல்ல."

இதை எழுதும்வரை அவர் எதுவும் சொல்லவில்லை. விமானம் வாங்கப்படுமா, அவனுடைய வேலை நிலைக்குமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பது இம்முறை வேறு விதமாக இருக்கிறது. அந்தச் சாரதியின் முகம் மட்டும் இன்னும் நினைவுக்கு வருகிறது. அவர் எங்கேனும் உயிரோடிருந்து, இந்தப் பக்கங்கள் எப்படியோ அவருடைய பிள்ளைகளின் கையில் கிடைத்தால், அந்த டயரின் உட்புறத்தில் ஒரு பெட்ச் இருந்தது என்பதை இப்போதாவது சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளட்டும்.